காலிக் கட்டம் எல்லாம் பூஜ்யம் அல்ல



கொஞ்சம் நீளமான பதிவு. வேலைக்குப் போகிற அவசரத்தில் படிக்க வேண்டாம். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நிதானமாகப் படியுங்கள். விஷயம் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டதுதான். ஆனால் மதினிமார், அத்தான்மார் எல்லாருக்கும் புரிகிற மாதிரியே எழுதியிருக்கிறேன். ஐந்தாம் வகுப்புக் கணக்கு தெரிந்தால் போதும்.

நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பலர் இன்று கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறார்கள். சென்னை, பெங்களூரு என்று போனவர்கள் உண்டு. மத்தளம்பாறையில் சோஹோ வந்த பிறகு வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டே வேலை பார்ப்பவர்களும் உண்டு. அப்படி ஒரு பையன் நம் பழைய மாணவர் வாட்ஸப் குழுவில் ஒரு சந்தேகம் போட்டிருந்தான். தமிழில் வருகிற வாடிக்கையாளர் கருத்துகளை 'பாராட்டு', 'குறை' என்று இரண்டாகப் பிரிக்க கம்ப்யூட்டருக்குப் பயிற்சி கொடுக்கிறானாம். முறையின் பெயர் சப்போர்ட் வெக்டர் மெஷின். சுருக்கமாக எஸ்.வி.எம். "அட்டவணை முழுக்க ஜீரோவா கிடக்கு. நூறு கட்டத்துக்கு ஒரு கட்டத்துலகூட எண் இல்ல. இந்த டேட்டா தேறுமா?" என்பது கேள்வி.

பதில்கள் மளமளவென்று வந்தன. "காலியா கிடக்கிற பத்தியை எல்லாம் தூக்கிப் போடு" என்றான் ஒருவன். "சராசரியைப் போட்டு நிரப்பு" என்றாள் ஒருத்தி. "வேற மெஷின் பாரு" என்றான் இன்னொருவன். எல்லாரும் கெட்டிக்காரப் பிள்ளைகள்தான். ஆனால் ஒருவர்கூட "அந்தக் கட்டம் ஏன் காலியா இருக்கு?" என்று திருப்பிக் கேட்கவில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அட்டவணையில் காலிக் கட்டம் நிறைய இருப்பது ஒரு குறையே அல்ல. எஸ்.வி.எம்.முக்கு அது பழக்கமான சாப்பாடு. ஏன் காலி என்று கேட்காமல் பயிற்சிக்குக் கொடுப்பதுதான் குறை. அந்தக் குறையை எந்த மெஷினும் நமக்காகக் கண்டுபிடித்துச் சொல்லாது.

பழக்கடை நோட்டு

முதலில் இந்த அட்டவணை எப்படி இருக்கும் என்று பார்ப்போம். குற்றாலத்தில் சீசன் நேரத்துப் பழக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன், பலா, முட்டைப்பழம் என்று ஒரு நாற்பது சரக்கு இருக்கிறது. வருகிற ஆள் அதில் இரண்டோ மூன்றோ வாங்குவார். கடைக்கார அண்ணாச்சி நோட்டில் என்ன எழுதுவார்? 'மங்குஸ்தான் 1 கிலோ, ரம்புட்டான் 2 கிலோ.' அவ்வளவுதான். 'துரியன் 0, பலா 0, முட்டைப்பழம் 0' என்று எழுதிக்கொண்டிருக்க மாட்டார்.

இதையே பெரிய அட்டவணையாகப் போட்டால், மேலிருந்து கீழாக நாற்பது பத்தி, ஆளுக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் இரண்டு மூன்று கட்டத்தில் எண் இருக்கும், மிச்சம் எல்லாம் பூஜ்யம். எண்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரியும் இந்த மாதிரி அட்டவணையைத்தான் கம்ப்யூட்டர்காரர்கள் 'ஸ்பார்ஸ்' என்கிறார்கள்.

எழுத்துக்கும் இதே கதைதான். கருத்துகளில் வருகிற ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பத்தி, ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு வரி. 'பஸ் லேட்டா வந்துச்சு' என்று ஒருவர் எழுதினால் அந்த வரியில் மூன்று கட்டம் நிரம்பும். மிச்சம் பல்லாயிரம் கட்டம் பூஜ்யம். மனிதர்கள் ஒரு நேரத்தில் பேசுவது சில சொற்கள்தான். ஆகவே இந்த வெறுமை இயற்கையானது.

தைவான் தேசியப் பல்கலைக்கழகத்தில் சீ-ஜென் லின், சீ-சுங் சாங் என்ற இரண்டு பேர் லிப்எஸ்விஎம் என்று ஒரு மென்பொருள் செய்தார்கள். உலகம் முழுக்க இன்றும் புழங்குகிறது. அதற்குக் கொடுக்கிற கோப்பில் ஒவ்வொரு வரியும் எப்படி இருக்கும் தெரியுமா? முதலில் விடை, 1 அல்லது -1. அப்புறம் பத்தி எண், ஒரு முக்காற்புள்ளி, மதிப்பு. '3:1 17:2' என்றால் மூன்றாம் பத்தியில் 1, பதினேழாம் பத்தியில் 2. பூஜ்யமாக இருப்பதை எழுதவே தேவையில்லை. அப்படியே நம் அண்ணாச்சி நோட்டு!

இதில் எவ்வளவு மிச்சம் என்று ஒரு கணக்குப் போடுவோம். 15,744 கருத்துகள், 20,000 சொற்பத்திகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தக் கட்டம் 31 கோடியே 48 லட்சத்து 80 ஆயிரம். கட்டத்துக்கு 8 பைட் என்றால் சுமார் 2.5 ஜிபி இடம் வேண்டும். ஆனால் ஒரு கருத்துக்கு சராசரியாகப் பத்துச் சொல் என்றால், நிரம்பியிருப்பது 1,57,440 கட்டம்தான். இரண்டாயிரத்தில் ஒன்று. நிரம்பியதை மட்டும் எழுதினால் சாதாரண மடிக்கணினி போதும்.

அகலமான ரத வீதி

இப்போது எஸ்.வி.எம். என்ன செய்கிறது என்று பார்ப்போம். தென்காசி கோவிலைச் சுற்றியுள்ள ரத வீதியை மனதில் வையுங்கள். ஒரு பக்கம் 'பாராட்டு' வீடுகள், எதிர்ப்பக்கம் 'குறை' வீடுகள். இரண்டு வரிசைக்கும் நடுவே தேர் போகிற மாதிரி எவ்வளவு அகலமாக, நேராக ஒரு வீதி போட முடியும் என்று தேடுவதுதான் அதன் வேலை. வீதியின் அகலத்தைத் தீர்மானிப்பது ஓரத்தில் வாசல் வைத்திருக்கிற வீடுகள்தான். பின்னால் சந்துக்குள் இருக்கிற வீட்டை நகர்த்தினாலும் வீதி மாறாது. அந்த ஓரத்து வீடுகளுக்குத்தான் 'சப்போர்ட் வெக்டர்' என்று பெயர்.

1995-ல் கொரின்னா கோர்ட்டெஸ், விளாதிமிர் வாப்னிக் இருவரும் வெளியிட்ட கட்டுரை இதில் ஒரு நல்ல வசதியைச் சேர்த்தது. ஓரிரு வீட்டுத் திண்ணை வீதிக்குள் நீட்டிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை, வீதி அகலமாக இருக்கட்டும் என்று விட்டுக்கொடுக்கலாம். எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதை நாம் சொல்ல வேண்டும்.

வீதி போட்டு முடிந்ததும் ஒவ்வொரு பத்திக்கும் ஒரு எடை கிடைக்கும். உதாரணத்துக்கு 'நல்லா' என்பதற்கு +2, 'லேட்டு' என்பதற்கு -1 என்று வைப்போம். 'பஸ் லேட்டு, ஆனா கண்டக்டர் நல்லா பேசினார்' என்ற கருத்துக்கு -1, +2, ஆக மொத்தம் +1. மற்ற சொற்களின் எடை பூஜ்யம் என்றால், இது பாராட்டுப் பக்கம் விழும். காலிக் கட்டத்துக்கு எவ்வளவு பெரிய எடை இருந்தாலும், பூஜ்யத்தால் பெருக்கினால் பூஜ்யம்தான். அந்தச் சொல் அந்தக் கருத்தைப் பற்றி வாய் திறக்காது.

1998-ல் தோர்ஸ்டன் யோவாகிம்ஸ் என்ற ஜெர்மானியர் செய்திக் கட்டுரைகளைத் தலைப்புவாரியாகப் பிரிக்க எஸ்.வி.எம். ஏன் பொருத்தம் என்று ஒரு கட்டுரை எழுதினார். அவர் சொன்ன காரணங்களைப் பாருங்கள். எழுத்தில் பத்திகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அவற்றில் முழுக்க உதவாதவை குறைவு. ஒவ்வொரு கட்டுரைக்கும் சில கட்டங்கள்தான் நிரம்பும். பெரும்பாலான வேலைகளில் இரண்டு பக்கத்தையும் ஒரு நேர்கோட்டால் பிரித்துவிடலாம். அதாவது வெறுமையை அவர் எஸ்.வி.எம்.முக்குப் பொருத்தமான குணமாகவே எழுதினார்.

எனவே "அட்டவணை காலியா இருக்கு, தேறுமா?" என்று பயந்த பிள்ளைக்கு என் முதல் பதில்: தேறும். பயப்படாதே. அபூர்வமாக வருகிற சொல் என்பதற்காகப் பத்தியைத் தூக்கியும் போடாதே. அபூர்வமான சொல்தான் சில சமயம் உண்மையைச் சொல்லும். நூறு கருத்தில் ஒன்றில் 'ஷாக் அடிச்சுது' என்று வந்தால் அந்த ஒன்றைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

வெறுமையில் மூன்று வகை

இனிதான் நான் சொல்ல வந்தது.

வருகைப் பதிவேட்டில் கட்டத்தை வெறுமையாக விடக் கூடாது என்பது ஆசிரியர் பயிற்சியிலேயே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். பிள்ளை வந்தால் கோடு. வராவிட்டால் அதற்கு ஒரு குறி. விடுமுறை என்றால் அந்த நாளுக்கு நேராக விடுமுறை என்றே எழுத வேண்டும். ஏன்? வெறுமையாக விட்டால், பின்னால் பார்க்கிறவருக்கு 'பிள்ளை வரவில்லையா, பள்ளிக்கூடமே இல்லையா, டீச்சர் பெயர் கூப்பிடவில்லையா' என்று தெரியாது. மூன்றும் ஒன்றல்ல. வருகை நாள் குறைந்தால் பாதிக்கப்படுவது பிள்ளை.

எஸ்.வி.எம்.முக்குக் கொடுக்கிற அட்டவணையிலும் வெறுமை மூன்று வகை.

முதல் வகை, உண்மையான பூஜ்யம். பழக்கடையில் துரியன் வாங்கவில்லை. கருத்தில் அந்தச் சொல் இல்லை. இதில் சிக்கல் ஒன்றும் இல்லை.

இரண்டாவது வகை, அளக்காதது. நம் மாவட்டத்தில் குண்டாறு, அடவிநயினார், கருப்பாநதி, ராமநதி, கடனாநதி அணைகளின் நீர்மட்டத்தோடு மழையளவும் பேப்பரில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். மழையைக் காலை 8:30 மணிக்கு, முந்தைய 24 மணி நேரத்துக்குக் கணக்கெடுப்பது நம் நாட்டு வழக்கம். மழை பெய்யவே இல்லை என்றால் 0. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத தூறலுக்குத் தனியாக ஒரு குறி உண்டு, ஏனென்றால் தூறலும் பூஜ்யமும் ஒன்றல்ல. குற்றாலச் சாரலில் நனைந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை! ஒரு நாள் அளக்கிற ஆள் வரவில்லை, கருவி பழுது என்றால் அந்தக் கட்டம் வெறுமை. அந்த வெறுமைக்கு 'மழை இல்லை' என்று அர்த்தம் இல்லை. 'தெரியாது' என்று அர்த்தம்.

இப்போது அந்தக் கோப்பு முறையை நினைத்துப் பாருங்கள். எழுதாமல் விட்டால் பூஜ்யம் என்று மெஷின் எடுத்துக்கொள்ளும். 'தெரியாது' என்று சொல்ல அதில் இடமே இல்லை. அளக்காத நாளை எழுதாமல் விட்டால், மெஷின் அதை வெயில் நாள் என்று படித்துக்கொள்ளும். கணக்கு பிழையில்லாமல் ஓடும். திரையில் ஒரு சிவப்பு எழுத்துகூட வராது. பாடம் மட்டும் தப்பாக ஏறிவிடும்.

மூன்றாவது வகை, சிதறிப் போனது. இது தமிழ் படித்தவர்கள் கவனிக்க வேண்டிய இடம். 'வீடு' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டை, வீட்டால், வீட்டுக்கு, வீட்டில், வீட்டிலிருந்து, வீட்டிலேயே, வீடுகள், வீடுகளில் என்று வேற்றுமை உருபும் பன்மையும் ஏகாரமும் ஒட்டிக்கொண்டே போகும். ஆங்கிலத்தில் பெரும்பாலும் தனிச் சொல்லாக முன்னால் நிற்பது, தமிழில் ஒரே சொல்லுக்குள் வால் மாதிரி ஒட்டியிருக்கும். இடைவெளி விட்ட இடத்தில் வெட்டிப் பத்தி போடுகிற மெஷினுக்கு இவை எல்லாம் வேறு வேறு சொற்கள், வேறு வேறு பத்திகள். பயிற்சியில் 'குடிநீரில் புழு' என்று படித்தது, நாளைக்கு 'குடிநீருக்குள்ள புழு' என்று வந்தால் குடிநீரைப் பற்றியே பேசவில்லை என்று நினைத்துக்கொள்ளும். ஒருவர் குடிநீரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். குடிநீர்ப் பத்தியோ காலி.

பயிற்சியில் ஒரு முறைகூட வராத சொல்லுக்கு எடை எதுவும் ஏறியிருக்காது. அதை எழுதியவர் எவ்வளவு கோபமாக எழுதியிருந்தாலும் மெஷின் காதில் விழாது.

நம் தமிழிலேயே நடந்த ஒரு சோதனை

இது கற்பனை இல்லை. 2020-ல் பாரதி ராஜா சக்கரவர்த்தி என்ற ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் யூடியூபில் தமிழ்ப் பட டிரெய்லர்களுக்கு அடியில் மக்கள் எழுதிய கருத்துகளைச் சேகரித்து, ஒவ்வொன்றுக்கும் ஆட்களை வைத்து 'நல்ல கருத்து', 'எதிர்க் கருத்து', 'இரண்டும் கலந்தது' என்று குறித்து வெளியிட்டார்கள். மொத்தம் 15,744 கருத்துகள். மேலே கணக்குக்கு நான் எடுத்த எண் அதுதான். நம் ஆட்கள் எழுதுகிற மாதிரி தமிழும் ஆங்கிலமும் கலந்தவை, பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் எழுதியவை.

எஸ்.வி.எம். உள்படப் பல முறைகளை அதில் ஓட்டிப் பார்த்தார்கள். எல்லாமே சுமாராகத்தான் தேறின. அதிலும் எஸ்.வி.எம். வகை பிரித்துக் காட்டுவதில் மற்றவற்றைவிட மோசம் என்று அவர்களே ஆச்சரியப்பட்டு எழுதினார்கள்.

யோவாகிம்ஸ் 1998-ல் புகழ்ந்த அதே எஸ்.வி.எம். இங்கே ஏன் திணறியது? அந்த ஆய்வாளர்கள் தரவின் தன்மையைக் காட்டினார்கள். நான் இரண்டு காரணத்தைப் பார்க்கிறேன்.

ஒன்று, கருத்துகளில் 67 சதவீதம் நல்ல கருத்து, 13 சதவீதம்தான் எதிர்க் கருத்து. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் 'நல்லது' என்று சொன்னாலே 67 மார்க். சரியான விடையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் எல்லாக் கேள்விக்கும் 'அ' என்று எழுதி வைக்கிற பையன் நினைவுக்கு வருகிறானா? பாஸ் ஆகிவிடுவான். பாடம் தெரியாது.

இரண்டு, நான் சொன்ன மூன்றாம் வகை வெறுமை. 'இருக்கு' என்பதை ஆங்கில எழுத்தில் ஒருவர் ஒரு 'கே' போட்டு எழுதுவார், ஒருவர் இரண்டு 'கே', இன்னொருவர் 'ஜி'. 'சூப்பர்' என்பதன் கடைசி எழுத்தை ஆசைக்குத் தகுந்த மாதிரி இழுத்து எழுதுவார்கள். ஒரு சொல் பத்துப் பத்தியாகச் சிதறினால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கிற சாட்சி பத்தில் ஒன்று. ஆதாரம் இல்லாத மெஷின் எந்தப் பக்கம் கூட்டம் அதிகமோ அந்தப் பக்கம் சாய்கிறது. இது என் ஊகம்தான், ஆனால் தமிழ் எழுத்தைத் திருத்தி வாழ்நாளைக் கழித்த டீச்சரின் ஊகம்.

யோவாகிம்ஸின் செய்திக் கட்டுரைகள் நீளமானவை, எழுத்துப்பிழை பார்த்து அச்சிட்டவை. நம் கருத்துகள் நாலு சொல், அதுவும் நாலு விதமான எழுத்தில். இரண்டு அட்டவணையும் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி காலியாக இருக்கும். காலியாக இருப்பதற்கான காரணம் வேறு.

சரி, என்ன செய்ய வேண்டும்?

காரணத்துக்குத் தகுந்த மருந்து.

உண்மையான பூஜ்யம் என்றால் தொடாதீர்கள். சராசரியைப் போட்டு நிரப்பச் சொன்ன பிள்ளைக்குச் சொல்கிறேன்: ஒருவர் வாங்காத துரியனுக்கு அரைக்கால் கிலோ பில் போடுவது நியாயமா? அதே போல, எண்களை ஒரே அளவுக்குக் கொண்டுவருவதற்காக ஒவ்வொரு பத்தியிலும் சராசரியைக் கழிக்கிற பழக்கம் உண்டு. ஸ்பார்ஸ் அட்டவணையில் அதைச் செய்தால் பூஜ்யம் எல்லாம் ஏதோ ஒரு எண்ணாக மாறி, கோடிக் கட்டமும் நிரம்பிவிடும். சைக்கிட்-லேர்ன் என்ற கருவியில் சராசரி கழிக்கிற வசதியை இந்த மாதிரி அட்டவணைக்குக் கொடுத்தால், முடியாது என்று அதுவே நின்றுவிடும். -1 முதல் +1 வரை என்று இழுத்தாலும் பூஜ்யம் பூஜ்யமாக நிற்காது. பத்தியின் பெரிய மதிப்பால் வகுத்துக்கொள்ளுங்கள். சொல் எண்ணிக்கை 0 முதல் 1-க்குள் வந்துவிடும், பூஜ்யமும் தன் இடத்தில் இருக்கும்.

அளக்காதது என்றால் பக்கத்தில் இன்னொரு பத்தி போடுங்கள். 'அளந்தோமா?' என்பது அதன் தலைப்பு. அளந்தால் 1, இல்லையென்றால் 0. பதிவேட்டில் விடுமுறை என்று எழுதி வைப்பது போல. அப்போதுதான் வெயில் நாளுக்கும் தெரியாத நாளுக்கும் வித்தியாசம் மெஷினுக்குத் தெரியும். அப்படிப்பட்ட வரிகள் நிறைய இருந்தால் முதலில் போய் அளக்கிறவரைப் பாருங்கள், மெஷினை அப்புறம் பார்க்கலாம்.

சிதறியது என்றால் சேர்த்துக் கட்டுங்கள். முழுச் சொல்லுக்குப் பதிலாக மூன்று, நான்கு எழுத்துத் துண்டுகளைப் பத்தியாக வைத்தால் 'குடிநீரில்', 'குடிநீருக்கு' இரண்டுக்கும் 'குடிநீ' பொதுவாகிவிடும். இழுத்து எழுதிய 'சூப்பர்'களும் பக்கத்தில் வந்துவிடும். உருபுகளைப் பிரித்தும் பார்க்கலாம். ஆனால் வாலை எல்லாம் கண்மூடி வெட்டாதீர்கள். தமிழில் 'இல்லை' என்பதே பல நேரம் வாலில்தான் இருக்கிறது. 'வருது', 'வரல', 'வராது', நம் ஊர் 'வரமாட்டேங்கு' எல்லாவற்றையும் வெட்டி 'வர' என்று ஆக்கினால், தண்ணீர் வருகிறது என்பவரும் வரவில்லை என்பவரும் ஒரே பக்கத்துக்குப் போய்விடுவார்கள். அந்த இடத்தில் புரோகிராம் எழுதுகிறவருக்குப் பக்கத்தில் தமிழ் இலக்கணம் தெரிந்த ஒருவர் உட்கார வேண்டும். இதை நான் எங்கள் ஆசிரியர் கூட்டத்துக்காகச் சிபாரிசு பண்ணுவதாக நினைத்தாலும் சரி!

"இப்போ யார் டீச்சர் எஸ்.வி.எம். பாக்கா?"

இப்படிக் கேட்பீர்கள் என்று தெரியும். எல்லாவற்றுக்கும் பெரிய பெரிய மொழி மாதிரிகள் வந்துவிட்டன, இந்தப் பழைய கணக்கு எதற்கு என்று. நியாயமான கேள்விதான். சிதறிப் போகிற சிக்கலைப் பெரிய மாதிரிகள் ஓரளவு தாங்களே சமாளிக்கின்றன, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் சில ஆயிரம் வரி, சாதாரண மடிக்கணினி, இணையம் விட்டுவிட்டு வருகிற இடம் என்றால் இந்த வகைக் கணக்கு இன்றும் உதவும். எந்தச் சொல்லுக்கு என்ன எடை என்று நேர்கோட்டு எஸ்.வி.எம்.மில் திறந்து பார்க்கலாம். 'ஏன் இப்படி முடிவு சொன்னாய்?' என்று கேட்டால் பதில் கிடைக்கும். அதைவிட முக்கியமானது, எவ்வளவு பெரிய மெஷின் வந்தாலும் அளக்காத மழையை அதனால் அளக்க முடியாது. 'தெரியாது' என்பதைப் பூஜ்யம் என்று நாம் எழுதிக் கொடுத்தால் பெரிய மெஷினும் அதை அப்படியே நம்பும்.

இதில் என்ன போய்விடும்?

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 17 வயது மாணவன் ஒருவன் அடித்துக்கொண்டு போகப்பட்டு இறந்தான். நம் வகுப்பறைகளில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் வயது. அருவிக்கரையில் நிற்கிறவர் தலைக்கு மேல் வெயில் அடிக்கும், மலைக்கு உள்ளே மழை கொட்டிக்கொண்டிருக்கும். இது நம் ஊர்க்காரர் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

முன்கூட்டியே எச்சரிக்க ஒரு கம்ப்யூட்டர் முறை செய்ய வேண்டும் என்று நம் பிள்ளைகளில் யாராவது நாளைக்குக் கிளம்பலாம். கிளம்ப வேண்டும் என்பது என் ஆசை. அவர்கள் கையில் வருகிற மழை அட்டவணையில் பெரும்பாலான கட்டம் 0 ஆக இருக்கும். வெள்ளம் வந்த நாள் விரல் விட்டு எண்ணக்கூடியதாக இருக்கும். தினமும் 'ஆபத்து இல்லை' என்று சொல்கிற மெஷின், கிட்டத்தட்ட எல்லா நாளும் சரியாகச் சொன்னதாக 99 மார்க் வாங்கிவிடும். எல்லாவற்றுக்கும் 'அ' எழுதிய பையன் மாதிரி. அவன் தவறவிடுகிற அந்த ஒரு நாளுக்காகத்தானே மெஷினே செய்கிறோம்?

அந்த அட்டவணையில் 0 என்று கிடப்பதில் எது வெயில், எது சாரல், எது கருவி பழுது, எது மலையில் அளக்க ஆளே இல்லாத நாள் என்று பிரித்துத் தெரிந்துகொள்ளாமல் பயிற்சி கொடுத்தால், தெரியாத நாளை எல்லாம் பத்திரமான நாள் என்று சொல்லிக்கொடுக்கிறோம். அந்தப் பாடத்தைப் படித்த மெஷின் அருவிக்கரையில் நிற்கிற பிள்ளைக்கு என்ன சொல்லும்?

வெள்ளம் மட்டும் இல்லை. உதவித்தொகை பட்டியல், மருத்துவப் பதிவு, குறைதீர்க்கும் மனு எதுவானாலும் இதே கதைதான். ஒரு பாட்டியின் விவரத்தில் சர்க்கரை அளவுக் கட்டம் காலி என்றால் அவளுக்குச் சர்க்கரை நோய் இல்லை என்று அர்த்தமா, யாரும் சோதிக்கவே இல்லை என்று அர்த்தமா? பெரும்பாலும் ஏழைகளின் வரியில்தான் காலிக் கட்டம் அதிகம் இருக்கும், ஏனென்றால் அவர்களைத் தேடிப் போய் அளக்கிறவர்கள் குறைவு. காலியைப் பூஜ்யம் என்று எழுதினால், ஏற்கெனவே கணக்கில் வராதவர்களை இரண்டாவது முறையும் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறோம்.

ஆகவே குழுவில் கேள்வி கேட்ட பிள்ளைக்கும், பதில் சொன்ன பிள்ளைகளுக்கும் ஒரு வீட்டுப்பாடம். உங்கள் அட்டவணையில் கண்ணை மூடிக்கொண்டு இருபது காலிக் கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'இல்லை', 'அளக்கவில்லை', 'சிதறியது' என்று மூன்றில் ஒன்றை எழுதுங்கள். தெரியாவிட்டால், அந்த விவரத்தைச் சேகரித்த ஆளுக்குப் போன் போட்டுக் கேளுங்கள். அரை நாள் வேலை. அதற்குப் பிறகு எந்த மெஷினை வேண்டுமானாலும் ஓட்டுங்கள்.

இருபதில் எத்தனை உண்மையான பூஜ்யம் என்று கீழே கருத்தில் எழுதுங்கள். எல்லாருடைய விடையையும் படிப்பேன். மார்க் போடுவேன்!

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
தென்காசி